பிள்ளை பார்க்க வரும் பெரியோர்க்கு

பெரியம்மாமாரே, சித்திமாரே, அத்தைமாரே, அடுத்த வீட்டு அக்காமாரே,

கையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் குழந்தைக்கு ஒரு சட்டையுமாக, மாயவரத்து வெயிலையும் பஸ் நெரிசலையும் பொருட்படுத்தாமல், பிள்ளை பெற்றவளை ஒரு நடை பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று வந்து சேருகிற உங்கள் அன்பை நான் குறைவாக மதிப்பவள் அல்லள். என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவர்களும், வளைகாப்பன்று கன்னத்தில் சந்தனம் பூசி இரண்டு கை நிறைய வளையல் அடுக்கியவர்களும் உங்களுள் இருக்கிறார்கள். ஆயினும் தொட்டிலின் ஓரமாக நின்றுகொண்டு நீங்கள் கேட்ட சில கேள்விகளுக்கு, அப்போது எழுந்து உட்காரவே இயலாத நிலையில் கிடந்த நான், ஒரு சிரிப்பைத் தவிர வேறு விடை சொல்லவில்லை. அந்தச் சிரிப்பும் தையலை இழுத்து வலித்தது. இப்போது உட்கார முடிகிறது, எழுதவும் முடிகிறது. ஆகவே, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே முறையிடுவதைக் காட்டிலும், எல்லோருக்கும் பொதுவாக ஒரு மடல் வரைந்துவிடுவது உசிதம் என்று தோன்றிற்று.

வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கப்படுகிற முதற் கேள்வி, சுகப்பிரசவமா ஆபரேஷனா என்பது. ஆபரேஷன் என்று என் அம்மா தணிந்த குரலில் சொன்னதும், கேட்டவர் நாக்கைத் தட்டி "த்சொ" கொட்ட, அதன் பிறகு சம்பாஷணை இரண்டு பாதைகளில் ஒன்றைப் பற்றிக்கொள்ளும். "இந்தக் காலத்துப் பொண்ணுகளுக்கு எங்கே வலி தாங்குது?" என்பது ஒன்று. "அவங்களுக்குக் கத்தி வச்சாத்தானே காசு!" என்பது மற்றொன்று. முன்னது என்னைக் கோழையாக்குகிறது; பின்னது என்னை ஏமாளியாக்குகிறது. உண்மையில் நடந்தது என்ன என்று கேட்டவர் உங்களுள் மிகச் சிலர். ஆதலால் அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பனிக்குடம் உடைந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனது அந்தி நேரம். இடுப்பில் கிளம்பி, அடிவயிற்றைச் சுற்றிக்கொண்டு வந்து, தொடையில் இறங்குகிற அந்த வலியை உங்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. இரவு முழுவதும் நர்ஸம்மா வந்து சோதித்து, இரண்டு விரல், மூன்று விரல் என்று கருப்பைவாய் திறந்த அளவைச் சொல்லிப் போய்க்கொண்டிருந்தார். விடியற்காலையில் அது நாலு விரலோடு நின்றுவிட்டது. வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் இருதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரைகிற யந்திரம் ஒன்று பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கருவிலிருக்கும் சிசுவின் இருதயம் நிமிஷத்துக்கு 110 முதல் 160 தடவை வரையில் துடிக்க வேண்டும். என் குழந்தையினுடையதோ ஒவ்வொரு வலியின்போதும் அதற்குக் கீழே சரிந்து, வலி ஓய்ந்த பிறகும் பழைய வேகத்துக்கு மீளத் தாமதித்தது. கசிந்த நீரும் பச்சை நிறமாகிவிட்டிருந்தது. குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். பிராணவாயு போதாமல் தவிக்கிற சிசுவுக்கு இவ்வாறு நேர்வதுண்டு. அந்த நீர் அதன் நுரையீரலில் புகுந்தால் ஆபத்து. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இனிமே காத்திருக்க வேண்டாம்மா" என்றார். அது காசு வாங்காத சர்க்கார் ஆஸ்பத்திரி என்பதையும், அதைச் சொன்ன அம்மையார் எங்களோடு இரவெல்லாம் கண் விழித்தவர் என்பதையும், கத்தி வைத்தால் காசு என்று சொன்னவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

அதன் பின் நடந்தவை வெகு துரிதம். கையெழுத்து வாங்கினார்கள்; நீங்கள் அடுக்கிய வளையல்களைக் கழற்ற அவகாசமில்லாமல், இறுக்கமாயிருந்த சிலவற்றை உடைத்தே எடுத்தார்கள்; தாலியைப் பிளாஸ்திரியால் சுற்றி ஒட்டினார்கள். முதுகை வளைத்து உட்காரச் சொல்லி, தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழே, இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையில் ஊசி போட்டார்கள். அந்த ஊசிதான் ஆயுள் முழுவதும் இடுப்புவலி தரப்போகிறது என்று உங்களுள் நாலைந்து பேராவது ஆருடம் சொன்னீர்கள். குத்திய இடம் சில தினங்கள் வலிப்பது மெய்யே. ஆனால் பத்து மாதச் சுமையும், கூனிக் குறுகி உட்கார்ந்து பால் கொடுப்பதும், இரவெல்லாம் பிள்ளையைத் தோளில் போட்டு நடப்பதும் சுகமாகப் பெற்றவளுக்கும் இடுப்புவலியைத் தரத்தான் செய்கின்றன. வருஷக் கணக்கில் நீடிக்கும் வலிக்கு அந்த ஊசியின்மேல் பழி போட ஆராய்ச்சிகள் இடம் தரவில்லை. சற்று நேரத்துக்கெல்லாம் கால்கள் சூடேறி, கனத்து, எனக்குச் சொந்தமில்லாதவை ஆயின. மார்புக்குக் குறுக்கே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டிவிட்டார்கள். வலி இல்லை என்பது நிஜம். ஒன்றும் தெரியவில்லை என்பது நிஜமன்று. நெல் குதிருக்குள் யாரோ கைவிட்டுத் துழாவுவதுபோல் என் வயிற்றுக்குள் இழுப்பதும் அழுத்துவதும் ஒதுக்குவதும் தெரிந்துகொண்டே இருந்தன. பற்கள் தம் போக்கில் தந்தியடித்தன. குழந்தை வெளியே வரச் சில நிமிஷங்கள்தாம் ஆகின்றன. அதற்குப் பிறகு திறந்ததை ஒவ்வோர் அடுக்காக மூடித் தைப்பதற்குத்தான் நேரம் அதிகம். அழுகுரல் கேட்டது. ஒரு முகத்தை என் கன்னத்தருகே கொண்டுவந்து காட்டிவிட்டு, மூச்சைக் கவனிக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆகவே, வலி தாங்காதவள் என்று என்னைச் சொன்ன பெரியம்மாவுக்கு நான் விநயமாகத் தெரிவித்துக்கொள்வது: நீங்கள் பட்ட வலியில் பெரும்பகுதியை நானும் பட்டேன், அது பலன் தராமற் போன பிறகு, நீங்கள் படாத வலி ஒன்றையும் கூடுதலாகப் பெற்றுக்கொண்டேன். இதில் எனக்குச் சலுகை கிடைத்த பக்கம் எது என்று எத்தனை யோசித்தும் விளங்கவில்லை.

"எங்க காலத்துல இதெல்லாம் ஏது? வீட்டுலயே எட்டுப் பெத்தோம்" என்ற பேச்சும் எழுந்தது. பெற்றீர்கள், மறுக்கவில்லை. எட்டுப் பெற்றுப் பிழைத்தவர்கள் இன்று கூடத்தில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுகிறார்கள். முதற் பிரசவத்திலேயே போனவர்கள் பேச வருவதில்லை. நம் பக்கத்துச் சாலையோரங்களில், தலைச்சுமைக்காரர்கள் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காக நட்டிருக்கும் சுமைதாங்கிக் கற்களை நீங்கள் அறிவீர்கள். வயிற்றுப் பிள்ளையோடு மாண்ட பெண்களின் நினைவாக நிறுத்தப்பட்டவை அவற்றுள் பல. இறக்கி வைக்க இயலாத சுமையோடு போனவளுக்காக ஊரார் சுமையை இறக்கி வைக்கக் கல் நட்டார்கள். அந்தக் கற்களுக்கு உரியவர்களுள் கத்தி பட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேரோ? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று புருஷர்கள், ஒருவர் பின் ஒருவராக, ஐடா ஸ்கடர் என்ற பாதிரியார் வீட்டுப் பெண்ணிடம் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்றும்படி கேட்டார்கள். அவருடைய தகப்பனார் வைத்தியர். ஆனால் ஆண்பிள்ளை வைத்தியரை உள்ளே விட அவர்கள் சம்மதிக்கவில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் அந்த மூன்று பெண்களும் மாண்டார்கள். அந்த ஒரு ராத்திரிதான் அவரை அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்து 1900இல் வேலூருக்குத் திரும்பச் செய்தது. நீங்கள் தீராத நோய்க்கெல்லாம் போகச் சொல்லுகிற வேலூர் ஆஸ்பத்திரி இப்படித்தான் உண்டாயிற்று.

மேல்நாட்டிலும் இந்த ஆபரேஷன் பல நூற்றாண்டுகள் தாயைப் பலி கொடுத்துச் சேயை எடுக்கிற காரியமாகவே இருந்தது. வெட்டிய கர்ப்பப்பையைத் தைக்காமல் விட்டுவிடுவதுதான் அப்போதைய வழக்கம். அதை ஒழுங்காகத் தைத்து மூட வேண்டும் என்று ஜெர்மானிய வைத்தியர் மாக்ஸ் சேங்கர் 1882இல் எழுதிய பிறகுதான், வெட்டுப்பட்டவர்கள் பெருவாரியாகப் பிழைக்கத் தொடங்கினார்கள். நம் தேசத்தில் ஆயிரம் பிரசவத்துக்கு இருபது தாய்மார் சாவதாக 1946இல் போர் (Bhore) என்பவர் தலைமையிலான கமிட்டி மதிப்பிட்டது; அதாவது லட்சத்துக்கு இரண்டாயிரம். 2018–20ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் அது லட்சத்துக்கு 54. ரத்த தானமும், கிருமிகொல்லி மருந்துகளும், ஆம்புலன்ஸும், கிராம நர்ஸுகளும் சேர்ந்து செய்த காரியம் இது. வேண்டிய நேரத்தில் எடுக்கப்பட்ட கத்திக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

வேண்டாத நேரத்திலும் கத்தி எடுக்கப்படுகிறது என்ற உங்கள் சந்தேகத்தை நான் அடியோடு தள்ளிவிட மாட்டேன். அது நியாயமான சந்தேகம். 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறக்குறைய 45 ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரிகளை மாத்திரம் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 64, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 36. அதற்கு முந்திய ஆய்வில் மொத்தம் 34ஆக இருந்தது. ஒரு ஜனசமூகத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் இது ஏறுவதனால் தாய் சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொல்லியிருக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை ஆஸ்பத்திரி நிர்வாகத்திடமும் மந்திரிகளிடமும் கேளுங்கள். தைத்துப் போட்ட வயிற்றோடு கட்டிலில் கிடப்பவளிடம் கேட்டால் அவள் என்ன விடை சொல்லுவாள்? முகூர்த்தம் பார்த்து நாள் குறித்துக் கீறச் சொல்லுகிற குடும்பங்களும் நம்முள் உண்டு என்பதை இந்த இடத்தில் நினைவூட்டுகிறேன். ஆயில்யத்தில் பெண் பிறந்தது என்று கேட்டு, "இன்னும் ரெண்டு மணி பொறுத்திருந்தா மகம் வந்திருக்குமே, ஜகத்தை ஆண்டிருப்பாளே" என்று அங்கலாய்த்த அத்தையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்த இரண்டு மணியில் ஜகத்தை ஆள ஆளே இருந்திருக்காது.

இனி, பத்தியத்துக்கு வருகிறேன். பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்று சொல்லி, அவளை அடுப்படிக்கு விடாமல், பூண்டுக் குழம்பும் சுக்குக் கஷாயமும் லேகியமும் கொடுத்துத் தாய்வீட்டில் வைத்துத் தேற்றுகிற நம் சம்பிரதாயம் உயர்ந்தது. சட்டசபையும் பார்லிமெண்டும் பிரசவ விடுமுறையைப் பற்றி நினைப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே பெண்ணுக்கு ஓய்வு விதித்தது அது. ஆனால் அந்த முறைகளெல்லாம் வெட்டுப்படாத உடம்பை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. இங்கேயோ, அடிவயிற்றில் குறுக்காக ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவாகத் தோலைக் கீறி, அதற்குக் கீழே கொழுப்பையும், தசையைப் போர்த்திய கெட்டிச் சவ்வையும் அறுத்து, தசைகளை இரு பக்கமும் விலக்கி, வயிற்றறையின் உட்சவ்வைத் திறந்து, மூத்திரப்பையைக் கீழே ஒதுக்கி, அதன் பிறகு கர்ப்பப்பையையும் கீறியிருக்கிறார்கள். வெளியே தெரிகிற தையல் ஒரு வாரத்தில் காய்ந்துவிடலாம். உள்ளே இருப்பவை ஆறுவதற்கு ஆறு வாரங்களும் அதற்கு மேலும் ஆகும். குடல்வால் அறுத்துக்கொண்டு வந்த என் மாமாவுக்கு இருமல் வந்தபோது வீடே ஓடிப்போய் முதுகைத் தாங்கிற்று. அதைவிடப் பெரிய வெட்டோடு வந்தவளிடம் கைக்குழந்தையையும் கொடுத்து, "அதான் பெத்தாச்சே, எந்திரிச்சு உக்காரு" என்றார்கள்.

முதல் நாளின் பெரிய விசாரம், நீங்கள் சிரித்தாலும் சரி, காற்றுப் பிரிந்ததா என்பதுதான். வயிற்றைத் திறந்து மூடிய பிறகு குடல் சற்று மந்தித்துவிடும். அடைபட்ட வாயுவின் வலி தோள்பட்டை வரையில் ஏறிக் குத்தும். நர்ஸம்மா மணிக்கொருமுறை வந்து கேட்பதும், நான் இல்லை என்று தலையசைப்பதும், கடைசியில் அது நிகழ்ந்தபோது என் அம்மா அடைந்த சந்தோஷமும், எங்கள் கிருகத்தின் சரித்திரத்தில் இடம்பெறத் தக்கவை. மறுநாளே எழுந்து நடக்கச் சொன்னார்கள். அதைக் கொடுமை என்று உங்களுள் ஒருவர் சொன்னார்; ஆனால் கிடந்தபடியே கிடந்தால் காலின் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து என்பதனால்தான் நடக்கச் சொல்லுகிறார்கள். முதலில் பக்கவாட்டில் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, காலைத் தொங்கப் போட்டுப் பிறகு எழ வேண்டும்; இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்த பின் தீட்டு என்று சொல்லிக் கூடத்து மூலையில் பாய் விரித்துத் தரையில் படுக்கச் சொன்னீர்கள். தரையிலிருந்து எழுகிற ஒவ்வொரு தடவையும் தையல் பிரிவதுபோல் இருந்தது. கட்டிலில் படுப்பதால் தெய்வக் குற்றம் நேரும் என்று நான் நம்பவில்லை. குத்துக்காலிட்டு உட்காருகிற கழிப்பறையும் அப்படியே; நடுவில் ஓட்டையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை என் தம்பி தேடி வாங்கி வந்தான்; எனக்கு வந்த பரிசுகளில் அதற்கு ஈடாக மோதிரத்தையும் சொல்ல மாட்டேன். கொதிக்கக் கொதிக்க வெந்நீரை அடிவயிற்றில் ஓங்கி ஊற்றக் குளிப்பாட்டுகிற பாட்டி வந்து நின்றார். வயிறு தொங்கிவிடும் என்று பழைய வேட்டியை வரிந்து கட்டவும் முற்பட்டார். தையல் போட்ட இடம் ஈரமில்லாமலும் காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும்; புழுங்கினால் சீழ் பிடிக்கும். தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு ஊதும், காய்கறியும் பழமும் குளிர்ச்சி என்று தடுத்தீர்கள். தண்ணீரும் நார்ப்பண்டமும் இல்லாவிட்டால் மலம் இறுகி, முக்கும்போது வெட்டுண்ட வயிறு படுகிற பாட்டை நான் எழுத்தில் சொல்லுவது மரியாதையன்று. பூண்டுக் குழம்பைத் தாராளமாக ஊற்றுங்கள். கூடவே ஒரு செம்பு தண்ணீரும் வையுங்கள். தையலில் சிவப்போ சீழோ, விடாத காய்ச்சலோ, கட்டியாகப் போகும் ரத்தமோ, ஒரு கால் மாத்திரம் வீங்கி வலிப்பதோ கண்டால், கஷாயம் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுதுவதற்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. என் குழந்தையை இவ்வுலகில் நன்றாகப் பார்த்தவர்களின் வரிசையில் நான் கடைசி. தகப்பனார் பார்த்தார், இரண்டு பாட்டிமாரும் பார்த்தார்கள், செல்போனில் படம் போய்ச் சேர்ந்து துபாயில் இருக்கிற மைத்துனர்கூடப் பார்த்து வாழ்த்துச் சொல்லிவிட்டார். அதன் பிறகே, மரத்த கால்களோடு கிடந்த என் கைக்கு அவள் வந்தாள். அந்தத் தாமதத்துக்காக நான் அழுதபோது, "குழந்தை நல்லா இருக்கில்ல, அப்புறம் என்ன அழுகை?" என்று அதட்டினீர்கள். குழந்தை நன்றாக இருப்பதற்கு நான் நன்றியுடையவளே. அந்த நன்றியும் இந்த அழுகையும் ஒரே நெஞ்சில் ஒருங்கே இருக்கக்கூடியவை. பிரசவத்துக்குப் பின் சில தினங்கள் இப்படிக் கண்ணீர் வருவது சாமானியம். இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அதட்டிப் பயனில்லை. பால் ஊறத் தாமதமானபோதும் அவ்வாறே: ஆபரேஷனுக்குப் பின் அது சற்றுத் தாமதிப்பது உண்டு, அதற்குள் சர்க்கரைத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டாமல், சிறிதளவாகச் சுரக்கிற அந்த மஞ்சள் நிறச் சீம்பாலையே குழந்தை சப்பட்டும் என்று விட்டிருக்கலாம்.

உங்களுள் ஒருவர், எல்லோரும் எழுந்து போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, சேலையை ஒதுக்கித் தொப்புளுக்குக் கீழே நெடுக்காகக் கிடந்த தம் தழும்பைக் காட்டினார். மூத்த பிள்ளையை அப்படித்தான் எடுத்தார்களாம்; புக்ககத்தில் வெளியே சொல்லக்கூடாது என்று அந்நாளிலேயே வாயைக் கட்டிவிட்டார்களாம். தழும்பைச் சுற்றிப் பல மாதம் மரத்திருக்கும், மழைநாளில் நமைக்கும், பயப்படாதே என்று சொன்னார். அடுத்ததும் கட்டாயம் ஆபரேஷன்தான் என்று மற்றவர்கள் சொல்லுவதை நம்பாதே, இரண்டு வருஷம் போகட்டும், டாக்டர் பார்த்துச் சொல்லுவார், இளையவனைத் தாம் சுகமாகவே பெற்றதாகவும் சொன்னார். இத்தனை வருஷமாக எத்தனை வீட்டுக் கூடத்தில் "த்சொ" கொட்டுகிற கூட்டத்தின் நடுவே அவர் வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பார் என்று எண்ணும்போது எனக்கு உங்கள்மேல் மெய்யாகவே கோபம் வந்தது.

சித்தி மகளுக்குத் தை மாதம் நாள் சொல்லியிருக்கிறார்கள். எப்படிப் பிறக்கும் என்பதை அவளும் அறியாள், அவளுடைய டாக்டரும் இப்போது அறியார். பார்க்கப் போகிறவர்கள் பகல் தூக்கம் முடிந்து நான்கு மணிக்கு மேல் போங்கள்; கால் மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள்; குழந்தையை அவள் குனிந்து எடுக்கும்படி விடாமல் நீங்களே எடுத்து அவள் கையில் கொடுங்கள்; கிடக்கிற துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு வந்தால் இன்னும் விசேஷம். நாகப்பட்டினத்து அத்தைக்குப் பால் சுறா கிடைத்தால் புட்டாகவே செய்து தூக்குச் சட்டியில் கொண்டுபோகட்டும்; அந்த வீட்டில் அன்றைக்கு மீன் ஆய யாருக்கும் கை ஒழியாது.

இங்ஙனம்,
உங்கள் வீட்டுப் பெண்